விற்ற சைக்கிளை வெளியூருக்கு எதில் அனுப்புவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கியர் சைக்கிள்களை வாங்கி, சரிபார்த்து விற்பதை ஒரு பொழுதுபோக்காகத்தான் தொடங்கினேன். இப்போது மாதம் ஒன்றிரண்டு என்று ஓடிக்கொண்டிருக்கிறது. நான் இருப்பது கோவையில். வாங்குபவர்களில் பாதிப்பேர் சென்னை, மதுரை, பெங்களூரு. எப்போதாவது புனே, டெல்லி. விளம்பரம் போட்டால் சைக்கிள் இரண்டு நாளில் விற்றுவிடுகிறது, அதை முழுசாகக் கொண்டு சேர்ப்பதற்குத்தான் ஒரு வாரம் அலைச்சல். முதல் முறை அனுப்புகிற நண்பர்கள் போனில் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கூரியர், லாரி பார்சல், ஆம்னி பஸ், ரயில் என்று இத்தனை வழி இருக்கிறதே. எது பாதுகாப்பு?

கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள். சைக்கிளை எத்தனை முறை ஏற்றி இறக்குவார்கள் என்று எண்ணுங்கள். ஓடுகிற வண்டிக்குள் சைக்கிளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. குடோன் வாசலில் ஒருவர் தூக்கிக் கொடுக்க, இன்னொருவர் பிடிக்காமல் விடுகிற அந்த நொடியில்தான் ஆகிறது.

நான் முதன்முதலில் அனுப்பியது நாகர்கோவிலுக்கு. பக்கத்துத் தெருவிலேயே ஒரு பார்சல் சர்வீஸ் கிளை இருந்தது, வசதி என்று அங்கே போட்டேன். அது கிளையிலிருந்து ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய குடோனுக்குப் போய், அங்கிருந்து மதுரைக்குப் போய், மதுரையில் வேறு லாரிக்கு மாறி, நாகர்கோவில் குடோனில் இறங்கி, கடைசியாக ஒரு லோடு ஆட்டோவில் வீட்டுக்குப் போனது. நான்கு வண்டி, எட்டுத் தடவை கை மாறியிருக்கிறது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களும் உள்பக்கம் நெளிந்து, சக்கரம் உட்காரவில்லை என்று வாங்கியவர் படம் அனுப்பினார். அதில் என் தப்பும் பாதி உண்டு, பேக்கிங் பகுதியில் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு எந்த ஊர் என்றாலும் கிளையில் நான் கேட்கிற முதல் கேள்வி, "நேர் வண்டியா, வழியில் மாற்றுவீங்களா?" என்பதுதான். நேர் வண்டி என்றால் நூறு இருநூறு அதிகம் கொடுக்கவும் தயார்.

சைக்கிள் 15 கிலோதான். கூரியரில் 45 கிலோவுக்குக் காசு கேட்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை. வண்டியில் அடைக்கிற இடத்துக்குக் காசு வாங்குகிறார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வருகிற எண்ணும் உண்மையான எடையும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். இதைக் கன அளவு எடை என்பார்கள், கவுன்டரில் 'வால்யூம் வெயிட்'.

சைக்கிள் கடையில் கிடைக்கும் அட்டைப்பெட்டி கிட்டத்தட்ட 140 நீளம், 20 அகலம், 80 உயரம் இருக்கும். பெருக்கினால் 2,24,000. 5000-ஆல் வகுத்தால் 44.8 கிலோ. அந்த 45 இப்படித்தான் வருகிறது. சில இடங்களில் 4000-ஆல் வகுப்பார்கள், அதே பெட்டி 56 கிலோ ஆகிவிடும். ஆகவே கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்கும் முன் எத்தனையால் வகுக்கிறீர்கள் என்று கேளுங்கள். கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவாகச் சொல்கிறவரிடம் மொத்த பில் அதிகமாக வருவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பெட்டியைச் சின்னதாக்கினால்? நானும் செய்து பார்த்தேன். நீளம் 115-க்கு இறங்கியது, ஆனால் சக்கரங்களைப் பக்கத்தில் வைத்ததால் அகலம் 25 ஆனது, உயரம் 75. கணக்குப் போட்டால் 43 கிலோ. இரண்டு கிலோ மிச்சத்துக்காகப் பின்சக்கரத்தைக் கழற்றி, சட்டத்தின் (ஃபிரேமின்) பின்கால்களை வெறுமையாக விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்குப் பதில் சீட் கம்பத்தை முழுதாக உருவிவிட்டு, பெட்டியின் மேல்பக்கம் ஐந்து சென்டிமீட்டரை வெட்டி மடியுங்கள். 42 கிலோவுக்கு வந்துவிடும்.

ஆம்னி பஸ்ஸில் போடலாமா?

தமிழ்நாட்டுக்குள்ளும் பெங்களூருக்கும் என்றால் என் முதல் தேர்வு அதுதான். இரவு ஏற்றினால் காலையில் இறங்கிவிடும். ஒரு முறை ஏற்று, ஒரு முறை இறக்கு, அவ்வளவுதான். ஏற்றும்போது நாமே நிற்கலாம். சைக்கிளை எங்கே வைக்கிறார்கள், மேலே என்ன அடுக்குகிறார்கள் என்று கண்ணால் பார்க்கலாம். பெட்டியில் போடாமல் சட்டத்தை மட்டும் சுற்றிக் கொடுத்தாலும் பல பஸ்களில் வாங்கிக்கொள்வார்கள்.

குறைகளும் உண்டு. டிக்கியில் இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள், பொங்கல், தீபாவளி வாரத்தில் கேட்கவே வேண்டாம். தேங்காய் மூட்டையோ துணி பேலோ வழியில் ஏறினால் உங்கள் சைக்கிள் மேல்தான் உட்காரும். அதனால் சைக்கிள் கடைசி நிறுத்தம் வரை போகிற மாதிரி பஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, டிக்கியின் உள்கோடியில் நிறுத்தி வைத்து, கயிற்றால் ஓரத்துக் கம்பியோடு கட்டச் சொல்லுங்கள். கயிறு நீங்களே கொண்டு போங்கள், அவர்களிடம் இருக்காது.

அலுவலகத்தில் ரசீது போட்டுத் தரும் பஸ்ஸாகப் பாருங்கள். டிரைவர் கையில் காசு கொடுத்து அனுப்பினால் எதற்கும் ஆதாரம் இல்லை. வாங்குபவர் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளாம்பாக்கத்திலோ மாட்டுத்தாவணியிலோ நிற்பாரா என்பதையும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகமும் 2022 முதல் பார்சல் எடுக்கிறது. உங்கள் ஊர் டிப்போவில் சைக்கிள் அளவுக்குப் பெரிய பெட்டியை ஏற்றுவார்களா என்று நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

லாரி பார்சல் சர்வீஸில் என்ன பார்த்துப் போட வேண்டும்?

கிளையில் போடாதீர்கள். ஊரில் அவர்களுடைய பெரிய குடோன் எங்கே என்று கேட்டு, அங்கேயே கொண்டு போய்ப் போடுங்கள். இரண்டு கை மாற்றம் குறையும். அதேபோல் வாங்குபவர் டோர் டெலிவரி கேட்காமல் குடோனில் வந்து எடுத்துக்கொள்ளச் சம்மதித்தால் இன்னும் இரண்டு குறையும். நாகர்கோவில் சைக்கிளுக்கு இந்த இரண்டையும் செய்திருந்தால் எட்டு நான்காகியிருக்கும்.

எல்.ஆர். (லாரி ரசீது) போடும்போது 'சைக்கிள் ஒன்று, பழையது, அட்டைப்பெட்டியில்' என்று எழுதச் சொல்லுங்கள். பல குமாஸ்தாக்கள் 'பார்சல் 1' என்று முடித்துவிடுவார்கள். பின்னால் சண்டை வந்தால் அந்த ஒரு வார்த்தை உங்களைக் காப்பாற்றாது. மதிப்புக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், ஏன் என்று இழப்பீட்டுக் கேள்வியில் வருகிறேன்.

போகிற ஊரில் இறக்குக்கூலி, குடோன் வாடகை தனியாக உண்டா என்பதையும் கேளுங்கள். அனுப்பியவர் 'எல்லாம் கட்டியாச்சு' என்று சொல்லியிருக்க, எடுக்கப் போனவரிடம் இருநூறு ரூபாய் கேட்டால் கோபம் நம் மேல்தான் திரும்பும்.

ரயில் பார்சல் மலிவு என்கிறார்களே?

தூரம் அதிகமாக ஆக மலிவு. டெல்லி, கொல்கத்தா என்றால் நான் ரயில்தான் பார்ப்பேன். ஆனால் எந்த ரயில் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. உங்கள் ஊரில் கிளம்பி, வாங்குபவரின் ஊரில் போய் முடிகிற ரயிலாக இருக்க வேண்டும். கோவையிலிருந்து டெல்லிக்கு என்றால் இங்கேயே புறப்பட்டு ஹஸ்ரத் நிஜாமுதீனில் முடியும் கொங்கு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள்தான், காத்திருக்கலாம். புறப்படுகிற இடத்தில் நிதானமாக ஏற்றுவார்கள், முடிகிற இடத்தில் எல்லாவற்றையும் இறக்கித்தான் ஆக வேண்டும். நடுவில் இரண்டு நிமிடம் நிற்கிற ஊருக்குப் பார்சல் போட்டால், ஒன்று எடுக்கவே மாட்டார்கள், இல்லை அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பி வரும்.

பார்சல் ஆபீஸுக்கு ஆதார் நகலுடன் பகலில் போங்கள். ஃபார்வர்டிங் நோட் என்ற படிவத்தை நிரப்பி, எடைபோட்டு, ஆர்.ஆர். என்ற ரசீது தருவார்கள். மறுமுனையில் சைக்கிளை எடுக்க அதன் அசல் கேட்பார்கள், அதனால் அதை வாங்குபவருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள். பெட்டியின் இரண்டு பக்கமும் புறப்படும் ஸ்டேஷன், சேரும் ஸ்டேஷன், இருவர் போன் எண் எல்லாம் பெரிய மார்க்கரில் எழுதுங்கள். பெட்டி கிழிந்தாலும் தெரியட்டும் என்று சட்டத்திலும் ஒரு துணிச்சீட்டு கட்டுவேன். வந்து சேர்ந்ததும் சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்கள். இலவச நேரம் தாண்டினால் வார்ஃபேஜ் என்று வாடகை மணிக்கணக்கில் ஏறும்.

இணையத்தில் 'வீட்டுக்கே வந்து எடுத்து, வீட்டிலேயே கொடுப்போம்' என்கிற பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்?

பெரும்பாலும் இடைத்தரகர்கள். உங்களிடம் வாங்கி மேலே சொன்ன ஏதோ ஒரு லாரி சர்வீஸில்தான் போடுவார்கள். பெயர்பெற்ற கம்பெனியின் பெயரில் ஓரெழுத்து மாற்றி வைத்திருப்பவர்களும் உண்டு. வண்டியில் ஏற்றியபிறகு 'இன்சூரன்ஸுக்குத் தனியா அஞ்சாயிரம் போடுங்க, திருப்பித் தந்துடுவோம்' என்று போன் வந்தால் சைக்கிளை மறக்க வேண்டியதுதான். எனக்கு இவர்களிடம் வேலையில்லை.

சைக்கிளை எப்படி பேக் செய்வது? கடையில் கொடுத்துச் செய்யலாமா?

கொடுக்கலாம், புது சைக்கிள் பெட்டி பிரிக்கிற கடைக்காரருக்கு அது பத்து நிமிட வேலை. ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

பெட்டிக்கு எங்கும் அலைய வேண்டாம். எந்த சைக்கிள் கடையிலும் காலிப்பெட்டியைப் பழைய பேப்பர் விலைக்குத் தருவார்கள். சட்டத்தைச் சுற்ற ஏ.சி. மெக்கானிக் சாமான் கடையில் கறுப்பு நுரைக்குழாய் கிடைக்கும், செம்புக் குழாய்க்கு மாட்டுவது. நீளவாக்கில் கீறி சட்டத்தின் ஒவ்வொரு குழாய்க்கும் மாட்டி கேபிள் டை போட்டால் கச்சிதமாக உட்காரும். பபிள் ஷீட்டைவிட எனக்கு இது பிடிக்கும், நழுவாது.

பெடல் இரண்டையும் கழற்றுங்கள். 15 ஸ்பானர் அல்லது அலன் கீ வேண்டும். வலது பெடல் வழக்கம்போல் இடப்பக்கம் சுற்றினால் கழலும். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம், வலப்பக்கம் சுற்ற வேண்டும். இது தெரியாமல் காலால் மிதித்து மரையைக் கெடுத்தவர்கள் ஏராளம்.

முன்சக்கரத்தைக் கழற்றியதும் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு முட்டு கொடுக்க வேண்டும். புது சைக்கிள் பெட்டியில் பிளாஸ்டிக்கில் ஒன்று வரும், கடைக்காரர் குப்பையில் போட்டிருப்பார், கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்த அகலத்துக்கு ஒரு மரத்துண்டை அறுத்து வைத்துக் கட்டுங்கள். நாகர்கோவில் சைக்கிளில் நான் விட்டது இதைத்தான். ஐந்து ரூபாய் பிளாஸ்டிக் துண்டு இல்லாததால், விற்ற 11,000 ரூபாயில் 2,500-ஐ ஃபோர்க்குக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இருந்தால், சக்கரம் இல்லாதபோது யாராவது பிரேக்கைப் பிடித்தால் இரண்டு பேடும் ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுப்பது எரிச்சலான வேலை. தடித்த அட்டையை நாலாக மடித்து இடையில் செருகிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பின் டிரெய்லர், அதாவது பின்சக்கரத்தருகே தொங்கிக்கொண்டு செயினைப் பல் மாற்றிவிடும் கை. அதைப் பிடித்திருக்கும் ஹேங்கர் வேண்டுமென்றே மெல்லிய அலுமினியத்தில் செய்யப்பட்டது. அடி விழுந்தால் சட்டம் தப்பி அது வளையட்டும் என்பதற்காக. பெட்டி அந்தப் பக்கம் ஒருமுறை விழுந்தால் போதும். டிரெய்லரை ஒரு அலன் கீயால் கழற்றி, செயினோடு சேர்த்துத் துணியில் சுற்றி, பின்கால்களுக்கு உள்பக்கம் கட்டிவிடுங்கள். கழற்றத் தயக்கம் என்றால் குறைந்தபட்சம் கியரைப் பின்னால் இருக்கும் பெரிய பல்லில் போட்டு வையுங்கள், கை உள்பக்கம் ஒதுங்கும்.

டயர் காற்றை முழுதாகப் பிடுங்க வேண்டாம். தரைவழியில் பாதி காற்று இருப்பது ரிம்முக்கு மெத்தை மாதிரி. சக்கரத்தின் அச்சு முனைகள் அட்டையைக் குத்திக்கொண்டு வெளியே வரும், அங்கே தண்ணீர் பாட்டில் மூடி வைத்து டேப் ஒட்டுங்கள். பெடல், சீட், நட்டு எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டியில் போட்டுச் சட்டத்தோடு கட்டுங்கள். உதிரியாக விட்டால் சட்டத்தின் பெயின்டை அதுவே உரித்துவிடும்.

கடைசியாக ஒன்று. பெட்டியின் இரு முனையிலும் கை நுழைகிற மாதிரி ஓட்டை போட்டு விளிம்புக்கு டேப் ஒட்டுங்கள். பிடி இருந்தால் தூக்குவார்கள், இல்லாவிட்டால் இழுப்பார்கள். 'கவனம், உடையும்' என்று சிவப்பில் எழுதுவதைவிட இது வேலை செய்கிறது.

உடைந்தால் எவ்வளவு தருவார்கள்? இன்சூரன்ஸ் போட வேண்டுமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரயிலில் மதிப்பை அறிவித்துச் சதவீதக் கட்டணம் செலுத்தாவிட்டால், பார்சலுக்கு அவர்களுடைய பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாய் வரைதான். பேக்கிங்கோடு 17 கிலோ என்றால் 850 ரூபாய். முப்பதாயிரம் ரூபாய் சைக்கிளுக்கு!

லாரிக்கு வேறு கணக்கு. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டமும் 2011-இல் வந்த அதன் விதிகளும் சொல்வது, சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்கு வரை, அதுவும் நீங்கள் அறிவித்த மதிப்பைத் தாண்டாமல். 700 ரூபாய் கட்டியிருந்தால் 7,000. அதற்கு மேல் வேண்டுமென்றால் மதிப்பைக் கூட்டி அறிவித்து, கேட்கிற கூடுதல் கட்டணத்தையும் கட்ட வேண்டும்.

இன்சூரன்ஸ் என்றால், எல்.ஆரில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' (சேதமானால் பொறுப்பு நம்முடையது) என்று முத்திரை குத்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'கேரியர்ஸ் ரிஸ்க்' (பொறுப்பு லாரிக்காரருடையது) என்று போட்டுத் தர அதிகக் கட்டணம் கேட்பார்கள், பில்லும் கேட்பார்கள். பழைய பொருளுக்கு இழப்பீடு கிடையாது, பேக்கிங் சரியில்லை என்றால் கிடையாது என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும், அதைப் படித்துவிட்டுக் காசு கட்டுங்கள். பதினைந்தாயிரத்துக்குக் கீழே உள்ள சைக்கிளுக்கு நான் போடுவதில்லை. அந்தக் காசை நேர் வண்டிக்கும் நுரைக்குழாய்க்கும் செலவழிக்கிறேன். கார்பன் சட்டம் என்றால் போட்டுவிடுவேன், அதில் மயிரிழை விரிசல் வந்தாலும் சட்டமே போச்சு.

இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) வேண்டுமா?

மாநிலம் விட்டு மாநிலம் 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள் 1,00,000-க்கு மேல் மதிப்புள்ள சரக்கு என்றால் அந்தப் பேச்சு வரும். நாம் விற்கிற சைக்கிள் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். பழைய, சொந்த உபயோகச் சைக்கிள் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, ஆதார் நகலோடு கொடுத்தால் போதும் என்பதே என் அனுபவம். இதற்காக மதிப்பைப் பாதியாகக் குறைத்து எழுதச் சொல்வார்கள். எழுதாதீர்கள், தொலைந்தால் அந்தப் பாதிதான்.

பேட்டரி சைக்கிள்?

லித்தியம் பேட்டரி விமானத்தில் அபாயகரமான சரக்கு. விமானக் கூரியரில் மறைத்து வைத்து அனுப்ப நினைக்காதீர்கள். தரைவழியில் மட்டும், அதுவும் பேட்டரி இருக்கிறது என்று சொல்லி, ஒப்புக்கொள்கிறவரிடம் மட்டும்.

பணத்தை எப்போது வாங்குவது?

பெட்டியில் போடுவதற்கு முன் சட்ட எண், டிரெய்லர், சக்கரம் எல்லாம் தெரிகிற மாதிரி வீடியோ காலில் காட்டுவேன். அவர் கால்பங்கு முன்பணம் போடுவார். எல்.ஆர். நகல் கைக்கு வந்ததும் படம் அனுப்புவேன், மீதியைப் போடுவார், அசலை அனுப்புவேன். இருவருக்கும் பாதிப் பாதி பயம், நியாயம்தானே.

'நான் ராணுவத்தில் இருக்கிறேன், சைக்கிளைப் பார்க்கவே வேண்டாம், என் ஆள் வண்டியோடு வருவார், பணம் வாங்க இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க' என்று ஒருவர் பேசுவார். பணம் வருவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று பொருள். காசு போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

பார்சல் செலவு யாருடையது?

வாங்குபவருடையது, விலை பேசும்போதே பேசிவிடுங்கள். ஆனால் 'டூ பே' (எடுக்கிறவர் கட்டணம் கட்டும் முறை) போடாதீர்கள், நீங்களே கட்டிவிட்டு அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். டூ பே சைக்கிளை அவர் எடுக்க வராவிட்டால் திரும்பி வருகிற கட்டணமும் சேர்த்து நம் தலையில்.

சைக்கிள் வந்து சேர்ந்ததும் வாங்குபவர் என்ன செய்ய வேண்டும்?

கையெழுத்துப் போடும் முன் பெட்டியின் ஆறு பக்கமும் படம். கிழிசலோ நசுங்கலோ இருந்தால் டெலிவரி சீட்டிலேயே 'பெட்டி சேதமான நிலையில் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து. 'அதெல்லாம் எழுதக்கூடாது சார்' என்பார்கள், எழுதலாம். பிறகு பெட்டியைப் பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்க வேண்டும்.

சேதம் என்றால் போனில் கத்துவதோடு நிற்காமல் எழுத்தில் கொடுங்கள். லாரிக்கு, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கே போட முடியாது. ரயிலுக்கு ஆறு மாதம். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகார் பதிவானதும் கிளை மேலாளர் தானே போன் செய்ததை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

எல்லாம் நல்லபடி போய்ச் சேர்ந்தது. 'கியர் சரியா விழலை, ஏமாத்திட்டீங்க' என்கிறார். என்ன செய்வது?

பதறாதீர்கள், இது பத்தில் ஏழு முறை வரும். டிரெய்லரைக் கழற்றி மாட்டியதில் கேபிளின் இறுக்கம் கொஞ்சம் மாறியிருக்கும். வீடியோ கால் போடச் சொல்லுங்கள். கேபிள் டிரெய்லருக்குள் நுழைகிற இடத்தில் விரலால் திருகுகிற ஒரு சின்ன பீப்பாய் இருக்கும். பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றிக்கொண்டே, பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் அதைக் கால் சுற்று வெளிப்பக்கம் திருகச் சொல்லுங்கள், சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் உள்பக்கம். இரண்டு மூன்று கால் சுற்றில் சத்தம் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. பக்கத்துச் சைக்கிள் கடையில் நிமிர்த்தச் சொல்லி, அந்தச் செலவை நான் அனுப்பிவிடுவேன்.